ஐஸ் தண்ணீரில் கிடந்த குழல்

செக்காலை, காரைக்குடி
12.1.1998

அன்பு மகள் பெல்சிக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் உன் அம்மாவும் நானும் இங்கே நலம், கனடாவில் நீயும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உன் கல்யாணத்துக்கு வராமல் வீம்பு பிடித்து வீட்டில் உட்கார்ந்திருந்தவன் ஆறு வருஷம் கழித்து எழுதுகிற முதல் கடிதம், ஒரு அவமானத்தோடே ஆரம்பிக்கிறேன். மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் மேசைமேல் டம்ளரில் ஐஸ் தண்ணீர் இருந்தது, வந்தவர்களுக்கு வைத்தது என்று நினைத்துப் பாதியைக் குடித்துவிட்டேன். நர்ஸம்மா பதறி, ஐயோ பெரியவரே, அது குழலைப் போட்டுக் காட்டுற தண்ணி என்றார்.

விஷயம் என்னவென்றால், வலது காலுக்கு ரத்தம் போகிற குழாய் அடைத்துக்கொண்டது, எல்லாம் பீடியின் உபயம். புதுவயலில் பஸ் இறங்கி மில்லுக்கு நடக்கையில் ஐம்பது அடிக்கு ஒருதரம் வலி பிடித்து நிறுத்தும், அதை மறைக்க சினிமா போஸ்டர் பார்ப்பதுபோல் நிற்பேன், இந்த வயசுக்கு மேல் இவருக்குப் புத்தி போற போக்கைப் பார் என்று மில்லில் பேச்சாகிவிட்டது. இப்படியே விட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றார்கள். டாக்டர் மிச்சத் தண்ணீரில் வலைபோல் பின்னிய சின்னக் குழல் ஒன்றைப் போட்டு விரலால் நசுக்கினார், நசுங்கியபடியே கிடந்தது. வெதுவெதுப்பான தண்ணீருக்கு மாற்றியதும் சோம்பல் முறிக்கிற மாதிரி விரிந்து பழையபடி ஆகிவிட்டது. நிக்கலும் டைட்டானியமும் கலந்ததாம், உடம்புச் சூடு பட்டால் தன் உருவம் ஞாபகம் வந்துவிடுமாம். உன் அம்மா சும்மா இருப்பாளா, டாக்டர் முன்னாலேயே, தகரத்துக்குக்கூட ஞாபகம் இருக்கு, நீங்க பெத்த பிள்ளைய மறந்துட்டு உக்காந்திருக்கீகளே என்றாள்.

தொடை இடுக்கில் சின்னத் துளை போட்டு அந்த வழியாகவே அதேபோல் ஒரு குழலை உள்ளே அனுப்பினார்கள். முழு மயக்கம் கிடையாது, அரைத் தூக்கம்தான். வற்றின வாய்க்காலில் தண்ணீர் திறந்த மாதிரி இளஞ்சூடு இறங்கி இறங்கிப் பெருவிரல் வரை போனது. அந்தத் தூக்கத்தில் ஒரு கனவு, நீ வெறுங்காலோடு பனியில் நடந்துபோகிறாய், நான் உன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருகிறேன், எங்கேயும் நிற்கவில்லை, வழியில் ஒரு போஸ்டரும் இல்லை.

இப்போது மில்லுக்கு ஒரே நடையில் போகிறேன். பீடியை விட்டாயிற்று, அதற்குப் பதில் மாத்திரை என்னைப் பிடித்துக்கொண்டது. பேத்திக்குக் காதை மூடிக் கட்டு, நீயும் குளிர்ந்த தரையில் நிற்காதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், மாப்பிள்ளை என்ற வார்த்தைக்கு வந்ததும் பேனா கொஞ்சம் மக்கர் பண்ணியது, பிறகு எழுதிவிட்டது. மே மாதம் ஒரு நடை வந்துபோகச் சொல்லி உன் அம்மா எழுதச் சொன்னாள், அதையும் சேர்த்துவிட்டேன். மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும்.

உன் அப்பா,
மரியப்பன்

மடிக்கிற ஓரத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. டாக்டர் அந்தக் குழலைத் துடைத்துப் பெட்டியில் வைத்தபோது ஒன்று கேட்க வாயெடுத்தேன், உன் அம்மா பக்கத்தில் நின்றதால் விழுங்கிவிட்டேன். எத்தனை வருஷம் குளிரிலேயே கிடந்தாலும் அதற்கு மறக்காதா டாக்டர்?