கோயிலைச் சுற்றி வைத்த எழுத்துகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நகோயாவிலிருந்து கோகிலா எழுதுவது. ரங்கநாதர் புண்ணியத்தில் நானும் பிரியாவும் உங்கள் மாப்பிள்ளையும் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

ஜப்பான் எழுத்து படிக்கிறேன். மறக்காமலிருக்க ஒவ்வோர் எழுத்தையும் காரமடைக் கோயிலில் ஓர் இடத்தில் மனதுக்குள் வைத்திருக்கிறேன். தூண்டில் முள் மாதிரியான 'ஷி' கொடிமரத்தடியில், சங்கு மாதிரியான 'நோ' உற்சவப் பெருமாள் கையில். ஒரே தொல்லை, எந்த எழுத்தைக் கேட்டாலும் வாசலிலிருந்து கும்பிட்டுக்கொண்டே போனால்தான் நினைவு வருகிறது.

நேற்று பிரியாவின் பள்ளி அறிவிப்பைக் கையில் வாங்கினேன். மனதுக்குள் கோயிலைப் பாதி சுற்றி வருவதற்குள், என் வழக்கம் தெரிந்த பக்கத்து வீட்டுத் தேஜஸ்ரீ, பீளமேட்டுப் பெண், "நீங்க சாமி கும்பிட்டுட்டு வாங்கக்கா, நான் படிச்சுப்போடறனுங்க" என்று வாங்கிப் படித்துவிட்டாள்.

"இனி ஆண்ட்டிகிட்டயே காட்டிக்கிறேம்மா" என்கிறாள் பிரியா. சிரித்து வைத்தேன். ஆனால் வயிறு எரிகிறதம்மா. என் பிள்ளையின் காகிதத்தை அவள் எதற்குப் படிக்க வேண்டும்?

தாயார் சன்னதிக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று நினைவில்லை. அங்கே வைக்க வேண்டிய எழுத்துகள் இடமில்லாமல் நிற்கின்றன. சனிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது படம் எடுத்து அனுப்புங்கள். படத்தில் நீங்களும் நின்றால் நல்லது.

பிரியா வரும் நேரமாயிற்று. இன்றும் காகிதம் இருக்கும். அது உள்ளே போவதற்குள் நானே வாங்கிக்கொள்ள, தேஜஸ்ரீ வீட்டுக் கதவுக்கு முன்னால் போய் நிற்கிறேன்.

கோகிலா