கோட்டை மேட்டில் ஒரு சக்கரத் தடம்

ஜனவரி 4
மரக்கோட்டை மக்கி மண்ணாகி எந்தக் காலமோ ஆயிற்று. எங்கள் வயலில் மிஞ்சியது மண்மேடும் அதைச் சுற்றிய அகழிப் பள்ளமும்தான். அங்கிருந்து டிராக்டரில் வந்து இறங்கினான் பேரன் ஒசியன். "கோட்டைக்கு நான்தான் ராஜா. கப்பம் கட்டு பாட்டி." கல்லில் சுட்ட கேக் இரண்டு கொடுத்தேன். "ராஜாவுக்கு ரெண்டுதானா?"

செம்மறி ரோமம் கத்தரிப்பதில் என் பேரனைப் போல் இந்த வேல்ஸ் பள்ளத்தாக்கிலேயே ஆள் இல்லை. நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்தில் பிழை இருக்கலாம், இதில் இல்லை.

ஜனவரி 9
கொட்டுகிறது பனி. ஆடுகள் காற்றுக்கு ஒதுங்கி அகழிக்குள் இறங்கியிருக்கும்.

ஜனவரி 10
ஒசியன் போய்விட்டான்.

ஜனவரி 19
ஆடுகளுக்கு வைக்கோல் கொண்டு போனான். பனி அகழியை விளிம்புவரை மூடி வயலோடு வயலாக்கியிருந்தது. சின்னதிலிருந்து உருண்டு விளையாடின இடம் — அவனுக்கா கரை தெரியாது? டிராக்டர் கவிழ்ந்து —

ஆடு ஒன்னுகூட சாகலை. ஏன் சாகலை?

பிப்ரவரி 7
தேவாலயத்தில் அவனுக்காக எல்லோரும் பாடினார்கள். நான் வாய் திறக்கவில்லை. ஊர் முன்னால் அழவும் இல்லை.

மார்ச் 6
என் மகன் இத்வல் சாப்பிடும்போது சொன்னான்: "மண்ணு வெட்டுற மெஷின் கேட்டிருக்கேன்மா. அந்த மேட்ட இடிச்சு பள்ளத்துல தள்ளி மட்டமாக்கிடுறேன்."

"அரசாங்கம் காக்கிற எடம்டா. உள்ள தூக்கி வெச்சிருவான்."

"வெக்கட்டும். எம்புள்ளயே போய்ட்டான்."

தடுக்கவா? எனக்கே அதைப் பார்க்கப் பிடிக்கவில்லையே.

மார்ச் 21
பனி கரைந்தும் நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. ஆடுகளை அண்டை வீட்டார்தான் பார்த்தார்கள். இன்று விடிந்ததும் இத்வல் மெஷினோடு போனான். மதியம்வரை சத்தமே இல்லை. கம்பை ஊன்றிப் போய்ப் பார்த்தேன்.

கரையில் உட்கார்ந்திருந்தான். சரிவில் சக்கரம் கீறின தடம் அப்படியே இருந்தது.

"வளைச்சுத் திருப்பப் பாத்திருக்கான்மா. பாரு, இங்கதான் ஸ்டியரிங்க ஒடிச்சிருக்கான்."

நானும் உட்கார்ந்தேன்.

மே 12
பழைய இடங்களைக் காக்கும் ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்தாள். நல்ல பெண். "கரை கீறியிருக்கே, புல் பத்தை வெச்சு மூடிடறோம் ஐயா. தடமே தெரியாது."

இத்வல் வயலின் கேட்டை மறித்து நின்றான். "எந்தக் காலத்துலயோ எவனோ வெட்டின பள்ளத்தக் காப்பாத்துறீங்கல்ல? இதையும் காப்பாத்துங்க. மம்பட்டியோட ஒருத்தரும் உள்ள வரக்கூடாது."

அவள் டீ குடித்துவிட்டு, கரையைத் தொடாமல் போனாள்.

ஜனவரிக்கு அப்புறம் இன்றுதான் கேக் சுட்டேன். இரண்டை ஏப்ரனில் முடிந்துகொண்டு மேட்டுக்கு நடந்தேன்.