ஒருவருக்கு ஒரு படங்கு

மார்ச் 1, சனி

பன்னிரண்டு பலகை அறுத்து முடித்தாயிற்று. எல்லாம் சவுக்கு, ராகலை மரக்காலையில் வாங்கியது. இன்னும் ஈரம் விடவில்லை, இந்த மழைக்கு எதுதான் காயும்? நுவரெலியாக் கடைக்கார மிஸ் முப்பது விளையாட்டுப் பெட்டி கேட்டிருக்கிறார், ஏப்ரல் சீசனுக்குள். பாம்பும் ஏணியும் மாதிரி இருக்க வேண்டும், ஆனால் பார்த்தவுடன் தேயிலைத் தோட்டம் என்று தெரிய வேண்டுமாம். "பாம்புக்குப் பதிலா என்ன போடுவீங்க?" என்று கேட்டார். குளவி என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன் வேறு. அவரும் சிரித்தார்.

அட்டைப்பூச்சி என்று சொல்லியிருக்கலாம். சிறுத்தை என்று சொல்லியிருக்கலாம். இந்த வாய்க்கு ஏன் அதுதான் வந்தது?

மார்ச் 3, திங்கள்

சட்டம் எழுதினேன். முதல் கட்டம் நாங்கள் குடியிருக்கிற லயம், கடைசிக் கட்டம் ஃபேக்டரி. நல்ல கொழுந்து கிடைத்தால் ஏணி. கொழுந்து குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம்தான்; ஒரு முறை ஆடாமல் இருக்க வேண்டும். முப்பத்தோராம் கட்டத்தில் குளவி. கொட்டினால் திரும்ப லயத்துக்கு. ஆனால் ஆளுக்கு ஒரு படங்கு உண்டு. கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற சாக்கு, அதை நகம் அளவு மரத்துண்டாகச் செய்திருக்கிறேன். அதைக் கொடுத்தால் ஒரு தடவை தப்பலாம்.

வீட்டுக்காரர் சுகந்தன் கொழும்பில் இருந்து போனில் கேட்டுவிட்டு, "என் ஆயுதத்தையெல்லாம் பிடுங்கிக்கிட்டு நீ தச்சு பாஸாயிட்ட" என்றார். அவருடைய ரம்பம், அவருடைய உளி, குசினிக்குப் பின்னால் அவர் போட்ட தகரக் கொட்டில். நான் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகாமல் வீட்டிலேயே சம்பாதிக்கிறேன் என்று லயமே மெச்சுகிறது. மலைக்குப் போவதை ஏன் நிறுத்தினேன் என்று யாரும் கேட்பதில்லை. குளவிப் பயம் என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள்.

மார்ச் 5, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பலோடு வந்து உட்கார்ந்து, தேயிலைக் கட்டையில் ஏழு குளவி செதுக்கினேன். வெட்கங்கெட்ட கை.

மார்ச் 8, சனி

வீரம்மாக்கா பார்த்துவிட்டார்.

பார்க்காமல் எப்படி இருப்பார்? லயத்தில் அடுத்த காம்பிராதான், நடுவில் ஒரே சுவர். மலையில் இருந்து வந்து முகம் கழுவிவிட்டு நாலரைக்கு இங்கே வந்துவிடுவார், காய்களுக்கு சேண்ட் பேப்பர் போட. இரண்டு வருஷமாக அப்படித்தான். குளவிகளைத் துணியால் மூடி வைத்திருந்தேன். துணியைத் தூக்கினார்.

"குளவியா?"

"ஆமாக்கா. கடையில கேட்டாங்க." பொய். கடையில் கேட்கவில்லை.

ஒன்றை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "இடுப்பு இன்னும் சின்னதா இருக்கணும். இது ஈ மாதிரி இருக்கு," என்றார். பிறகு தேய்க்கத் தொடங்கினார். சொந்தத் தங்கச்சி மீனம்மாவைக் கொன்றது குளவி. நாலு வருஷம் ஆகிறது, ஏழாம் நம்பர் மலையில். அந்தக் கையில் குளவியைக் கொடுத்துத் தேய்க்கச் சொல்லியிருக்கிறேன்.

தேய்த்துக்கொண்டே சொன்னார்: "ஓடாம குந்தியிருந்தா பொழச்சிருப்பா. எத்தன தடவ சொல்லியிருப்பேன், குளவி கலைஞ்சா ஓடாதடின்னு. கூறு கெட்டவ."

நான் குனிந்து மரத்தூளை ஊதினேன்.

மார்ச் 9, ஞாயிறு

பூசைக்குப் போனேன். நற்கருணை வாங்கப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிக்கொண்டேன், யாரும் கேட்காமலே.

மார்ச் 15, சனி

முதல் பெட்டி முடிந்தது. ஆடிப் பார்த்தால்தான் சட்டம் சரியா என்று தெரியும். அக்காவும் நானும் ஆடினோம். அவர் தாயக்கட்டையை உருட்டினால் கேட்டது விழுகிறது, என்ன கையோ. "சின்ன வயசுல மீனம்மாவும் நானும் ஆடுனா லயமே கூடும்" என்றார்.

என் படங்கை முதல் சுற்றிலேயே செலவழித்துவிட்டேன். இரண்டாவது சுற்றில் மறுபடியும் முப்பத்தொன்று. அக்கா தன் படங்கை எடுத்து நீட்டினார்.

"இந்தா, என்னோடது சும்மாதான இருக்கு. புடி."

"அப்படிக் குடுக்க ஏலாதுக்கா. சட்டத்துல இல்ல."

"ஏன்?"

"ஒருத்தருக்கு ஒன்னுதான்."

"நல்ல சட்டம். மலையில ஒரு படங்குக்குள்ள ரெண்டு பேர் குந்துவோம். இதுகூடவா மறந்துபோச்சு?" என்று சிரித்தார்.

காயைத் தூக்கி லயத்தில் வைத்தேன். அதற்கு மேல் ஆடவில்லை. குளிர் என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இதில்கூட எழுதாவிட்டால் நான் என்ன மனுஷி.

மீனம்மாவின் படங்கு கிழிந்து தைக்கப் போட்டிருந்தது. அன்றைக்கு இல்லாமல்தான் வந்தாள். என் பக்கத்து நிரை. குளவி கலைந்தது. எல்லாரும் படங்கை அவிழ்த்து இழுத்து மூடிக்கொண்டு குந்தினோம். பக்கத்து நிரைக்காரியிடம் இல்லை என்றால் உள்ளே சேர்த்துக்கொள்ள வேண்டும். அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அவள் ஓடவில்லை. என் பக்கத்திலேயே குந்தி என் படங்கின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். "ஷெரோமி, தொறடி. தொறடி புள்ள." நான் உள்ளே இருந்து இறுக்கிப் பிடித்தேன். திறந்தால் குளவியும் உள்ளே வருமே என்று — அந்த நேரத்தில் அது ஒன்றுதான் மண்டையில். எவ்வளவு நேரம் இழுத்தாள் என்று தெரியவில்லை. பிறகு இழுக்கவில்லை.

உருண்டு கீழே தண்ணீர் ஓடும் கானில் விழுந்து கிடந்தாள். கானில் கிடந்ததைப் பார்த்து கங்காணி கேட்டார், "ஓடினாளா?" நான் ஆமாம் என்றேன். ஒரே ஒரு ஆமாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அன்றிலிருந்து செத்தவள் மேலேயே பழி. ஓடினாளாம், பயந்தாங்கொள்ளியாம், கூறு கெட்டவளாம். அக்காவும் அதையே சொல்கிறார். நாலு வருஷமாகத் தங்கச்சியைத் திட்டித் திட்டித்தான் அழுகிறார்.

எனக்குக் கிடைத்ததென்ன? உளியும் நல்ல பேரும்.

மார்ச் 22, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மூன்று தவக்காலமும் போய், பிள்ளையை அடித்தேன், பொய் சொன்னேன் என்று சில்லறைப் பாவமாகச் சொல்லிவிட்டு வந்தவள் நான். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். பங்குச் சாமி, "அந்தக் குடும்பத்துக்குத் தெரியுமா?" என்றார். இல்லை என்றேன். செபம் சொல்லச் சொன்னார். முழங்காலில் இருந்து சொன்னேன்.

சாமிக்குத் தெரிந்து என்ன பிரயோசனம்? மீனம்மா இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறாள்.

மார்ச் 25, செவ்வாய்

சொல்ல வாயெடுத்தேன். அக்கா சோளம் அவித்துக் கொண்டுவந்திருந்தார். தின்றேன். சோற்றில் கல் மாதிரி இருந்தது, இருந்தும் தின்றேன்.

மார்ச் 29, சனி

சொல்லிவிட்டேன்.

கடைசி ஐந்து பெட்டிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தோம். எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. படங்குத் துண்டு ஒன்று கையில் இருந்தது, அதைப் பார்த்தேதான் பேசினேன். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. சேண்ட் பேப்பர் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

திட்டுவார் என்று இருந்தேன். உளி பக்கத்தில்தான் கிடந்தது, எடுத்து எறிந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப அவ ஓடலையா?"

"இல்லக்கா. ஏங்கிட்டயேதான் குந்தியிருந்தா. நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியேதான் குந்தியிருந்தா."

கையில் இருந்த காயைத் தேய்த்து முடித்து, ஊதி, மற்றவற்றோடு வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் காம்பிராவில் அழுகைச் சத்தம் கேட்டது. நான் போகவில்லை. எந்த மூஞ்சியோடு போவது?

மார்ச் 30, ஞாயிறு

வரவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலையில் பீலிக்கரையில் ஏழெட்டுப் பேர் குடத்தோடு நின்றோம். அக்கா என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர் விழும் சத்தத்துக்கு மேலே எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"ஏந் தங்கச்சி ஓடல. கேட்டுக்கோங்க. அவ ஓடவே இல்ல. படங்கு கேட்டிருக்கா, இவ குடுக்கல."

குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முறை வந்தது. யாரும் தள்ளவில்லை, முந்தவில்லை, எனக்கு வழிவிட்டார்கள். அடித்திருந்தால் தேவலாம்.

சுகந்தனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "நீ இத்தன நாளு எப்புடித் தூங்குன?" என்று மட்டும் கேட்டார்.

ஏப்ரல் 5, சனி

நாலரைக்கு வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. காய்கள் எல்லாவற்றையும் நானே தேய்த்தேன். அக்கா தேய்த்த மாதிரி வழுவழுப்பு வரவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

முப்பது பலகையின் அடியிலும், கூடுதலாகச் செய்த ஒன்றிலும் சூட்டுக்கோலால் ஒரு வரி சேர்த்தேன்: படங்கை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். சிங்களத்திலும் இங்கிலீஷிலும் எழுதிக் கொண்டுபோனேன். கடைக்கார மிஸ் படித்துவிட்டு நல்ல யோசனை என்றார். பாராட்டு வேறு. பஸ்ஸில் வரும்போது அழுதேன், பக்கத்து சீட்டு அம்மா தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை வருஷம். லயத்தில் பலகாரத் தட்டு வாசல் வாசலாகப் போனது. என் வாசலைத் தாண்டிப் போனது. சரிதான்.

ஏப்ரல் 19, சனி

நாலரைக்கு அக்கா வந்தார்.

கூப்பிடவில்லை, கதவைத் தட்டவில்லை. வந்து அவருடைய பலகைக்கட்டையில் உட்கார்ந்தார். இளைத்திருந்தார். சேண்ட் பேப்பர் அவர் வைத்த இடத்திலேயே இருந்தது.

"வேற ஓடர் வந்திருக்கா?"

"இருவது பெட்டிக்கா. குளவிய எடுத்துட்டு சிறுத்த வைக்கலாம்னு இருக்கேன்."

"குளவி இருக்கட்டும். பலகையக் கொண்டா, ஆடுவோம்."

மிச்சம் இருந்த ஒரு பெட்டியைப் பிரித்தேன். அடியில் இருந்த புது வரியை அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். ஆடினோம். என் படங்கு முதல் சுற்றிலேயே போய்விட்டது. இரண்டாவது சுற்றில் போட்டேன், மூன்று விழுந்தது. இருபத்தெட்டில் இருந்து எண்ணினேன். முப்பத்தொன்று.

அக்காவின் படங்கு அவர் கையில் இருந்தது. விரலுக்கு நடுவே திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினார், வழுவழுப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது போல. நான் கேட்கவில்லை. நான் கேட்கலாமா?

"இன்னைக்குக் குடுக்க மாட்டேன்," என்றார்.

"சரிக்கா."

படங்கை மடியில் போட்டுக்கொண்டார். என் காயை அவரே எடுத்து லயத்தில் வைத்தார். தாயக்கட்டையை என் பக்கம் தள்ளினார்.

"மொதல்ல இருந்து வா," என்றார்.