தனியாக வைத்த தம்ளர்

நேற்றுச் சாயங்காலம் கோமதியக்கா வீட்டு ஜன்னலில் உங்கள் தம்ளரைப் பார்த்தேன். விளிம்பில் நீலக் கோடு போட்ட எனாமல் தம்ளர். அதில் கற்பூரவல்லி நட்டிருக்கிறார்கள், நன்றாகத் தழைத்திருக்கிறது. நீங்கள் வாய் வைத்த பாத்திரத்தைப் பிள்ளைகள் தொடக்கூடாது என்று தனியாக எடுத்து வைத்த வீடு அது. இப்போது அதே பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் அந்த இலையைப் பறித்துத்தான் கசாயம் போடுவார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

நான் கல்யாணமாகிப் பம்பாய்ச் செம்பூருக்கு வந்தபோது நீங்கள் எவ்வளவு பேசுவீர்கள்! அணு நிலையத்தில் மாப்பிள்ளைக்குக் கருவிகளைப் பழுது பார்க்கிற வேலை என்றுதான் என் அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். அணு என்றால் என்னவென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சர்க்கார் சம்பளம் என்பது மட்டும் தெரியும். வேலை விட்டு வந்ததும் சட்டையைக் கூட மாற்றாமல் குழாயடிப் படியில் உட்கார்ந்துவிடுவீர்கள். எதிரே கோமதியக்காவின் புருஷன் முருகையா அண்ணாச்சி, லேத் பட்டறை எண்ணெய்க் கையோடு. இந்தச் சால் குடியிருப்பில் வரிசையாக இருக்கிற ஒற்றை அறைகளில் எல்லாம் நம் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள்தானே, கூட்டத்துக்கு என்ன பஞ்சம்.

சீனாக்காரன் அணுகுண்டு வெடித்தபோது அண்ணாச்சி, "நாமளும் ஒண்ணு செஞ்சு போடணும்வே, ஒம்ம ஆபீசுல சொல்லும்" என்றார். ஏதோ நீங்கள் சொன்னால் மறுநாளே செய்துவிடுவார்கள் என்பது போல. அடுத்த வருடம் மழை பொய்த்து, ரேஷன் கடையில் அரிசி இல்லாமல் ஆனதும் அதே அண்ணாச்சி ஒரேயடியாகப் புரண்டார். "அமெரிக்காக்காரன் கோதுமைக்குக் கியூவுல நிக்கோம். சோத்துக்கு இல்லாதவனுக்கு எதுக்குவே அணு?"

"அந்தக் கியூவுல நிக்காம இருக்கத்தான் அண்ணாச்சி. கரண்டு இல்லாம பம்புசெட்டு எப்படி ஓடும்?" என்பீர்கள். குண்டு வெடித்ததால்தான் மழை போயிற்று என்று ஒருத்தர் சொல்வார், ஆபீஸ் பக்கத்துக் கடல் மீனைத் தின்றால் முடி கொட்டும் என்று இன்னொருத்தர். ஒவ்வொருத்தருக்கும் தொண்டை வறளப் பதில் சொல்வீர்கள். ஆனால் உங்கள் ஆபீஸ் பேரிலும் உங்களுக்குக் கோபம் உண்டு. உள்ளே நடப்பதை வீட்டில் கூடச் சொல்லக்கூடாது என்று அங்கே சட்டம். "ஜனங்களைக் கூட்டிட்டுப் போய்க் கதவைத் தொறந்து காட்டணும்ளா. மூடி வெச்ச பானையில பல்லி கெடக்குன்னுதான் ஊரு சொல்லும்" என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்.

நமக்கும் ஒரு மூடின பானை வந்தது. வருடங்கள் போயும் பிள்ளை இல்லை. உங்கள் அம்மா ஊரிலிருந்து போடுகிற கடிதத்தில் எல்லாம் வேறொரு பெண்ணின் பேச்சு எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. டாக்டரம்மா நம் இருவரையும் சோதித்துவிட்டு, உட்காரவைத்து, உங்களிடம் ஒரு குறையும் இல்லை, என் கர்ப்பப்பைதான் வளராமல் நின்றுவிட்டது என்று சொன்னார். பஸ்ஸுக்குக் காசு இருந்தும் வீடு வரை நடந்தே வந்தோம். நீங்கள் வழியில் எனக்கு ஒரு முழம் கனகாம்பரம் வாங்கிக் கொடுத்தீர்கள். அதைத் தலையில் வைக்கக் கை எழவில்லை எனக்கு.

அதற்கு அடுத்த வாரம்தான் அது நடந்தது. குழாயடியில் வழக்கம் போல விவாதம், வழக்கம் போல நீங்கள்தான் ஜெயித்துக்கொண்டிருந்தீர்கள். அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஊருக்கெல்லாம் வெளிச்சம் குடுப்பேரு சரிவே. மொதல்ல ஒம்ம வீட்டுல ஒரு வெளக்கு ஏத்தும் பாப்போம். அந்த அணுதானே ஒமக்குப் புள்ள இல்லாம ஆக்கிட்டு?"

நான் பானை தேய்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "இருக்கும் அண்ணாச்சி. அப்படித்தான் இருக்கும்" என்றீர்கள்.

சோறு போடும்போது கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னிய? பச்சைப் பொய்யில்லா?"

"அணுவை என்ன சொன்னாலும் அதுக்கு வலிக்காது. ஒனக்கு வலிக்கும்" என்று சொல்லிவிட்டு மோர் கேட்டீர்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்க நீங்கள் என்னை விடவே இல்லை.

ஆனால் ஊர் விட்டதா? பொய்யென்று நீங்கள் அத்தனை வருடம் மல்லுக்கட்டிய எல்லாம் ஒரே நாளில் உண்மையாகிவிட்டது. நீங்களே ஒத்துக்கொண்டீர்களே! உங்கள் தோளில் ஏறி விளையாடிய கோமதியக்காவின் பிள்ளைகளை உங்கள் பக்கம் விடவில்லை. உங்களுக்கென்று அந்த எனாமல் தம்ளர் வந்தது. ஊரில் சிலருக்குத் தனித் தம்ளர் வைக்கிற அநியாயத்தைத் திட்டித் தீர்த்த ஆள் நீங்கள். இங்கே அதே மாதிரி ஒன்றை நீட்டியபோது பேசாமல் வாங்கிக் குடித்தீர்கள். ஒரு நன்மை நடந்தது. சேதி ஊருக்கு எட்டியதும் உங்கள் அம்மா பெண் பார்ப்பதை விட்டாள். "இனிமே எனக்கு எவனும் பொண்ணு தரமாட்டாம்ளா" என்று அன்றைக்குச் சிரித்தீர்கள். அது உங்கள் பழைய சிரிப்பு இல்லை.

குழாயடிப் படியில் உட்காருவதை நிறுத்தினீர்கள். யாராவது அணுவைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொன்னாலும் காது கேட்காதவர் மாதிரிக் கடந்து போனீர்கள். உங்களுக்குப் பதில் தெரியும். அதைச் சொன்னால் என்னை நடுவில் நிறுத்த வேண்டும். யார் கேட்டார்கள் இந்தப் பெரிய மனதை? உங்கள் பேரில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, சொல்லிவிட்டேன்.

போன மழைக்காலத்தில் மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து எனக்குச் சேப்பங்கிழங்கு வாங்கிக்கொண்டு வரும் வழியில், கூட்டத்தில் படியில் தொங்கி, ஈரக் கம்பி வழுக்கி ரயிலிலிருந்து விழுந்தீர்கள். மழையில் இந்தப் பம்பாயில் யாருக்கும் நேர்கிற சாவு. அதற்கும், "அணு ஒடம்பு பலத்தை உறிஞ்சிட்டு, கம்பியப் பிடிக்கக் கையில தெம்பில்ல" என்று பேசினார்கள். உங்களைக் குளிப்பாட்டக் கூட நாலு பேர் யோசித்தார்கள். அண்ணாச்சி மட்டும் முன்னால் வந்தார், கையில் துணி சுற்றிக்கொண்டு. அதைப் பார்த்தும் நான் உண்மையைச் சொல்லாமல் அழுதுகொண்டிருந்தேன்.

நேற்று கோமதியக்கா என்னைக் கூப்பிட்டது அவள் தங்கை செல்வியின் கல்யாணப் பேச்சுக்காக. உங்கள் ஆபீஸ் பையன் ஒருத்தன் கேட்டிருக்கிறான். செல்விக்கும் அவனைப் பிடித்திருக்கிறது. "நாங்க வேண்டாம்னுட்டோம், இவ அழுதுக்கிட்டே கெடக்கா. நீயே சொல்லு. அங்க வேல பாக்கவியளுக்குப் புள்ள தங்காதுல்லா?" என்று அக்கா கேட்டாள். செல்வி கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அண்ணாச்சி கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

எனக்குப் பின்னால் ஜன்னலில் உங்கள் தம்ளர்.

"அந்த வேலை நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாதுக்கா. அங்க வேல பாக்கவியளுக்கே முழுசாத் தெரியாது. ஆனா எங்களுக்குப் புள்ள இல்லாததுக்கு அது காரணமில்ல. கொறை எனக்குத்தான். டாக்டரம்மா எங்க ரெண்டு பேருகிட்டயும் சொன்னா. என்னைய யாரும் ஒரு சொல்லு சொல்லப்படாதுன்னு அவிய தன் தலையில போட்டுக்கிட்டாவ."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணாச்சி தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாவி, எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேவே" என்றார், உங்களிடம் சொல்வது போல. செல்வி விஷயத்தை யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். என்ன செய்வார்களோ தெரியாது. நான் கற்பூரவல்லியை வேரோடு பிடுங்கி அக்கா கையில் கொடுத்துவிட்டு, தம்ளரை எடுத்து வந்துவிட்டேன். யாரும் தடுக்கவில்லை.

அதற்குள் சேதி பரவிவிட்டது. இன்று காலை குழாயடியில் என்னைப் பார்த்ததும் மூன்றாம் வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் தன் குடத்தைத் தள்ளி வைத்தாள். முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டாள். நீங்கள் பயந்தது இதற்குத்தான்.

தம்ளரைத் தேய்த்துக் கழுவி அதில்தான் இப்போது தண்ணீர் குடித்தேன். வலிக்கிறது. நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் தாங்க முடிகிறது. அன்றைக்கே என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.