வலது கை அளவு

பாப்பா அப்பாவுக்கு,

உங்கள் தம்பி தாவீது நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தான். "அண்ணன் உன்ன வரவாணாம்னு சொல்லிச்சு அண்ணி. இந்தக் கோலத்துல பாக்க வாணாமாம்," என்றான். சாப்பிடச் சொன்னேன். சாப்பிடாமலே போய்விட்டான்.

உங்களுக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டிருக்கிறேன். பட்டன் வேண்டாம் என்று, தலைவழியாகப் போடுகிற மாதிரி, பனியன் துணியில். இந்தத் துணியோடு பெரிய பேஜாராகப் போய்விட்டது. வழுக்குகிறது. கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் ஓரமெல்லாம் நெளிந்துபோகிறது. சாதா ஊசியில் தையல் விட்டுவிட்டு விழுந்தது. எல்லாவற்றையும் பிரித்து, நுனி மழுங்கிய ஊசி வாங்கிவந்து, அடியில் நியூஸ்பேப்பர் வைத்துத் தைத்தேன். அப்புறம்தான் சரியாக வந்தது.

கழுத்து முடிந்தது. இடது கையும் முடிந்தது.

வலது கைக்குத் துணியை விரித்துக் கத்தரிக்கோலை எடுத்தேன். எங்கே வெட்டுவதென்று தெரியவில்லை. தாவீதுக்குப் போன் போட்டு, "கை எதுவரைக்கும்டா கீது?" என்று கேட்டேன். "என்னைக் கேக்காத அண்ணி," என்று வைத்துவிட்டான். பக்கத்தில் நின்ற பாப்பா, "முழுக்கையா வச்சிடும்மா, அப்பாக்குக் குளுராது," என்றாள். தேர்வாய் கண்டிகை கம்பெனியில் உங்களுக்கு நடந்த விபத்தை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

அதனால் சட்டையை அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டேன். இந்தக் கடிதத்தைக் கொடுக்கிற நர்ஸம்மாவிடம் "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாலும் பரவாயில்லை. அளவு எடுக்காமல் ஊருக்குத் திரும்ப மாட்டேன். வார்டு கதவுக்கு வெளியேதான் நிற்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி