எல்லாம் சரியாகத்தான் செய்தீர்கள், அக்கா

அக்கா,

இன்று வெள்ளிக்கிழமை. கீழ்வீட்டில் சாம்பிராணி போட்டிருக்கிறார்கள். புகை படிக்கட்டு வழியாக ஏறி வந்ததும் என் கால்கள் தாமாகவே உங்கள் வீட்டுப் பக்கம் நடந்தன, உங்கள் ஜன்னலைச் சாத்த. பாதி வழியில்தான் உறைத்தது. அங்கே இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். ஜன்னலோரம் அவர்களுடைய துணிகள் காய்கின்றன. அப்படியே நின்றுவிட்டேன்.

ஜெலுத்தோங்கில் இந்த ஃப்ளாட்டுக்கு நான் குடிவந்த நாளிலிருந்து நீங்கள்தான் எனக்குப் பக்கத்து வீடு. ஊரில் பாதிக் கல்யாணங்களுக்கு உங்கள் சமையல். விறகடுப்புக்கு முன்னால் நின்று அண்டா அண்டாவாகச் சாம்பார் இறக்கிய ஆள், லிஃப்ட் ஓடாத நாள்களில் முதல் மாடியிலேயே நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தபோது, வயதாகிறது என்றுதான் இருவரும் நினைத்தோம்.

கிளினிக்குக்குக் காட்டப் போனபோது டாக்டர் எடுத்த எடுப்பில், "எத்தனை வருஷமா சிகரெட் பிடிக்கிறீங்க?" என்று கேட்டாரே! நான் திடுக்கிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் சிரித்துவிட்டீர்கள். "நானா? சூடத்தத் தவிர நான் எதையும் கொளுத்துனதே இல்ல லா, டாக்டர்." அவர் சிரிக்கவில்லை. விறகுப் புகையும், உங்கள் வீட்டுக்காரர் இருந்தவரை ஊதித் தள்ளிய புகையுமே நுரையீரலைக் கெடுக்கப் போதும் என்றார். கெட்ட நுரையீரல் பழையபடி ஆகாது, மேலும் கெடுவதைத்தான் தள்ளிப்போடலாம் என்றார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "என்னம்மா இது, ஊருக்கெல்லாம் சோறு போட்டதுக்கா?" என்று கேட்டீர்கள்.

அடுத்த முறை போனபோது கிளினிக் மிஸ்ஸி, அந்த நர்ஸம்மா, மூன்று நிறத்தில் ஒரு தாள் தந்தார். பச்சை என்றால் எப்போதும்போல, தினசரி வாயில் வைத்து இழுக்கும் மருந்து பம்ப் போதும். மூச்சு வாங்குவது கூடி, சளி அதிகமாகி நிறமும் மாறினால் அது மஞ்சள். வீட்டில் தயாராக வைத்திருக்கும் மாத்திரைகளைத் தொடங்கிவிட்டு கிளினிக்குக்கு போன் செய்ய வேண்டும். பேசவே முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால், சிவப்பு. உடனே ஆம்புலன்ஸ்.

"ரோட்டு விளக்கு மாதிரி இருக்கே" என்று நான் கேலி செய்தேன். நீங்கள் அதை ஐஸ்பெட்டியில் ஒட்டிக்கொண்டே சொன்னீர்கள்: "அடி பிடிக்கிற வாசம் வர்றப்பவே தீயக் குறைக்கணும்மா. கருகினப்புறம் கிளறி என்ன பண்றது?"

அந்தத் தைப்பூசத்தை எப்படி மறப்பேன்? தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையில், நம் தண்ணீர்ப் பந்தலின் பின்பக்கம் உட்கார்ந்து எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தீர்கள். கத்தி கீழே விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, முன்னால் குனிந்து, உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தீர்கள். பம்ப் அடித்தும் அடங்கவில்லை. ஆள்கள் சூழ்ந்துகொண்டார்கள். "படுக்க வைங்க லா!" என்றார் ஒருவர். படுத்தால் உங்களுக்கு இன்னும் மூச்சு முட்டும்; அவர் கையைத் தட்டிவிட்டீர்கள். நானோ சிலைபோல நின்றேன். நீங்களே கைப்பையிலிருந்து போனை எடுத்து, அதில் பிடித்து வைத்திருந்த அந்தத் தாளின் படத்தைத் திறந்து, சிவப்பின் மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தீர்கள். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. சாலையோரம் நின்ற ஆம்புலன்ஸை நோக்கி அலறிக்கொண்டே ஓடினேன்.

வீடு திரும்பிய பிறகு என்னைத் திட்டினீர்கள். "பதறாத. தாள்ல என்ன இருக்கோ அத மொதல்ல செய். அழுவுறத அப்புறம் வச்சிக்கோ."

அதற்குப் பிறகு மஞ்சள் வந்துவந்து போனது. ஒவ்வொரு முறையும் அன்றைக்கே மாத்திரை, அன்றைக்கே போன். உடம்பு தேறியதும் கல்யாண வீட்டில் அடுப்புக்கு எட்ட நாற்காலி போட்டு உட்கார்ந்து, கரண்டி பிடிப்பவர்களை விரட்டிக்கொண்டிருப்பீர்கள். அந்தத் தாள் இருக்கும்வரை உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று நான் முழுசாக நம்பிவிட்டேன்.

கடைசி முறையும் நீங்கள் எதையும் தவறவிடவில்லை. சளி நிறம் மாறிய அன்றே மாத்திரையைத் தொடங்கி, கிளினிக்குக்குப் போனும் செய்தீர்கள். மறுநாள் காலை மூச்சு இன்னும் மோசமானதும் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னீர்கள். துணிப்பை தயாராக இருந்தது. வார்டில் எந்த மருந்து, எப்போது என்று மூச்சை இழுத்து இழுத்து நீங்களே சொன்னீர்கள். "நாளைக்கு வர்றப்ப ரசம் கொண்டா. மிளகு தூக்கலா" என்று என்னை அனுப்பிவைத்தீர்கள்.

ரசத்தோடு வந்தேன், அக்கா. கட்டிலில் விரிப்புகூட இல்லை. வேறு வார்டுக்கு மாற்றியிருப்பார்கள் என்று நினைத்து, எந்தப் பக்கம் என்று கேட்டேன். தமிழ்ப் பெண் டாக்டர் ஒருவர் என் தோளைத் தொட்டார். "ஆண்ட்டி, அவங்க சரியான நேரத்துலதான் வந்தாங்க. எல்லாம் சரியாத்தான் செஞ்சாங்க. நுரையீரல் தாங்கல."

எல்லாம் சரியாகச் செய்தும் இது எப்படி? அவரிடம் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். எங்கேயோ தவறியிருந்தால் அந்தத் தவறின் மேலாவது கோபப்பட்டிருப்பேன். ஃபிளாஸ்க் சூடாக இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் வெறும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றேன். இன்றைக்கும் பல காலைகளில் அங்கேதான் நிற்கிறேன்.

மிச்ச மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மிஸ்ஸி சொன்னார்: "அவங்க எத்தனை தடவ வார்டுக்கே வராம வீட்டுலயே சமாளிச்சாங்க தெரியுமா?" தெரியும். அந்த நாள்களெல்லாம் அந்தத் தாள் உங்களுக்கு வாங்கித் தந்தவை. அதுவும் உண்மை, கட்டில் வெறுமையாக இருந்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைக்க எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆனால் என் காது மாறிவிட்டது. பட்டர்வொர்த்தில் இருக்கும் என் தம்பி போன மாதம் போனில், "ஒண்ணும் இல்லக்கா... சும்மா... இருமல்தான் லா" என்றான். "இன்னிக்கே கிளினிக்குக்குப் போ" என்றேன். திட்டிக்கொண்டே போனான். அவனுக்கும் உங்கள் நோய்தான் என்றார்கள். இப்போது அவன் வீட்டு ஐஸ்பெட்டியிலும் மூன்று நிறத்தில் ஒரு தாள்.

யார் போன் செய்தாலும் இப்போது நான் குறுக்கே பேசுவதில்லை, அக்கா. ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறேன், நடுவில் எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே.