அதிகப்படி நகம்

ஆண்டிமடம்,
ஆனி 13.

அன்பு மகள் வெற்றிச்செல்விக்கு, அப்பா உத்திராபதி எழுதுவது. நீயும் உன் மகனும் சுகமாக இருக்க வேண்டும்.

ஆனி எட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு நம் வீட்டில் ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. நம் நாய் செவலை போட்ட நான்கு குட்டிகளுக்கும் பின்னங்காலின் உள்பக்கம், தரையில் படாமல் தொங்கும் அதிகப்படி நகத்தை அகற்றிவிடுவது என்பதே அந்த முடிவு. தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் நான். வழிமொழிந்தவன் பக்கத்துக் கொல்லை வேல்முருகன். எதிர்த்துப் பேசியவர் யாருமில்லை. செவலையைக் கேட்கவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. போன வருஷம் முந்திரிக்காட்டுக் கம்பிவேலியில் செவலைக்கு அந்த நகம் மாட்டிப் பிய்ந்து, ஒரு மாதம் நொண்டியது உனக்குத் தெரியும். குட்டிகளுக்கு அந்தத் துன்பம் வரக்கூடாது என்று நினைத்தேன். கெட்ட எண்ணத்தோடு நான் செய்த காரியங்கள் குறைவு. அதனால்தான் செய்ததைத் திருத்துவது எனக்குக் கடினமாக இருக்கிறது.

பிளேடால் அறுக்கலாம் என்றேன். வேல்முருகன் ஒப்பவில்லை. "அறுத்தா ரத்தம் வரும் மாமா. நூலக் கட்டி வுட்டா தானா காஞ்சி வுழுந்துரும். எங்க வூட்டுல ஆறு வெரலோட பொறந்த புள்ளைக்கே அப்புடித்தான் கட்டுனாங்க" என்றான். உன் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்துக் கொடுத்தேன். எட்டு நகம், எட்டுக் கட்டு. குட்டிகள் இன்னும் கண் திறக்காதவை. கட்டியது யார் என்று அவற்றுக்குத் தெரியாது.

மறுநாள் நகங்கள் கறுத்திருந்தன. அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். அந்த மகிழ்ச்சியோடுதான் பாடாலூருக்கு உங்களைப் பார்க்க வந்தேன். அம்மா இல்லாத வீட்டில் தலைப்பிரசவம் பார்க்க முடியாது என்று உன்னை அங்கேயே வைத்துக்கொண்ட உன் மாமியாருக்கு நான் கடமைப்பட்டவன். அன்று நீ வயிற்றுத் தையல் ஆறாமல் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாய். பிள்ளையின் இடது கையில் சுண்டு விரலை ஒட்டி இருந்த ஆறாவது சின்ன விரலைச் சம்பந்தியம்மா எனக்குக் காட்டினார். ஒரு வயது ஆனதும் கூட்டி வந்தால் சின்ன ஆபரேஷனில் எடுத்துவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். என்னிடம் ஆலோசனை கேட்பவர்கள் குறைவு. ஆகவே கேட்காமலேயே சொன்னேன். இதற்கு ஒரு வருஷம் எதற்கு, ஒரு நூல் போதும் என்றேன். குட்டிகளின் நகம் ஒரே நாளில் கறுத்ததை விவரமாக எடுத்துச் சொன்னேன். கொடுத்த காபியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

பத்தாம் தேதி என் சின்னய்யா காலமானார். வயதானவர், வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் பங்காளி வீட்டுச் சாவு என்பதால் பதினாறு நாள் முடியும்வரை பச்சைப்பிள்ளை இருக்கும் வீட்டுக்கு நான் வரக்கூடாது. தீட்டு கண்ணுக்குத் தெரியாது. மீறினால் மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பதினொன்றாம் தேதி குட்டிகள் பால் குடிப்பதை நிறுத்தின. கால்கள் வீங்கித் தொட்டால் சுட்டன. செவலை அந்த நூலை நக்கி, பல்லால் இழுத்து, முடிச்சை இன்னும் இறுக்கியிருந்தது. மறுநாள் கொட்டகை முழுக்க நாற்றம். அன்று இரண்டு செத்தன. இன்று விடியலில் ஒன்று. புதைத்த இடத்தைச் செவலை தோண்டி, மூன்றையும் ஒவ்வொன்றாகக் கவ்வி வந்து சாக்கில் கிடத்திப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. மறுபடி புதைத்தேன். மறுபடி தோண்டியது.

மீதி ஒன்றைத் துண்டில் சுற்றி, கால்நடை டாக்டர் கலைமணியிடம் கொண்டுபோனேன். நூலை வெட்டி, ஊசி போட்டார். பிறந்த மூன்று நான்கு நாளுக்குள் விவரம் தெரிந்தவர்கள் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிட வேண்டும் என்றார். "எலும்பு இருக்குற எடத்துல நூலக் கட்டுனா அழுகத்தாங்க செய்யும். நாய்க்கும் அதான், மனுசங்களுக்கும் அதான்" என்றார். இந்த யோசனையைச் சொன்னது யார் என்று கேட்டார். பக்கத்துக் கொல்லைக்காரன் என்றேன்.

வெளியே வந்ததும் உனக்குப் போன் போட்டேன். பச்சைப்பிள்ளை பக்கத்தில் செல்போன் ஆகாது என்று உன் மாமியார்தான் அதை வைத்திருக்கிறார். "ஒங்க யோசனப்படிதாங்கண்ணே, நேத்துக் காலையில கட்டிட்டேன். அவகிட்ட சொல்லல, பயந்துக்குவா. கையில துணி சுத்தி வச்சிருக்கேன்" என்றார். அவிழ்த்துவிடுங்கள் என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். என் பேச்சை இவ்வளவு மதித்த ஒருவரிடம் அது தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. பாடாலூரில் மழை உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். மத்தியானம் மறுபடி போன் போட்டேன். அப்போதும் மழை இல்லை.

நாளை நம் ஊர் மணிவண்ணன் லாரியில் முந்திரி லோடு ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் வருகிறான். பாடாலூர் வரை வந்து இதை உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். விஷயத்தை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

இதைப் படித்ததும் பிள்ளையின் கைத் துணியை அவிழ்த்துப் பார். நூலை வெட்டு. அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ. மாமியார் ஏன் என்று கேட்டால், எங்கப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல். அதில் பொய் இல்லை. எத்தனை விரலோடு பிறந்தானோ அத்தனை விரலோடும் அவன் நூறு வயது இருக்கட்டும்.

உன் அப்பா,
உத்திராபதி


பாடாலூர்,
ஆனி 16.

மதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்கு, உங்கள் சம்பந்தி ஜெயலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம்.

மணிவண்ணன் தம்பி உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்தது. செல்வி கையில்தான் கொடுப்பேன் என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்றது. துக்க வீட்டிலிருந்து வந்த தாள் பிள்ளை இருக்கும் அறைக்குள் போகக்கூடாது என்று எடுத்துச் சொல்லி நான் வாங்கிக்கொண்டேன். பிரிக்கவில்லை. வெளிக் கூரையில் செருகி வைத்திருக்கிறேன். உங்கள் பக்கம் பதினாறு முடிந்ததும் அவளிடம் கொடுத்துவிடுவேன். அப்பா விசாரித்து எழுதியிருக்கிறார் என்று சொன்னதற்கே அவளுக்குச் சந்தோஷம்.

பேரனுக்கு முந்தாநாளிலிருந்து உடம்பு கொஞ்சம் சுடுகிறது. பால் சரியாகக் குடிக்கவில்லை. விரல் இன்னும் விழவில்லை. நேற்று நூலை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினேன்.

ஜெயலட்சுமி